தேதி போடாத மனு

தங்கச்சி வீடு மாறுகிறாள், பெட்டி கட்ட ஒத்தாசைக்கு வா என்றாள். போனேன். என் ஐரோப்பாப் பயணத்துக்கு அவ்வளவுதான் காரணம். கோபுரம் பார்க்கவோ படம் பிடிக்கவோ நான் போகவில்லை. கோபுரம் பார்த்துப் பார்த்தே வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரி நான். எங்கள் தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரமாக மேசை போட்டு இருபத்திரண்டு வருஷமாக மனு எழுதுகிறேன். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு, எதுவானாலும் என்னிடம் வரலாம். எந்தத் தாள் எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இந்தக் கர்வம்தான் அங்கே போய் என் மூக்கை உடைத்தது.

தங்கச்சி ஸ்டெல்லா நர்ஸ். எங்கள் வீட்டில் அவளுக்கு முன்னால் எல்லாரும் விமானத்தை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. அவள் ஜெர்மன் பாஷை படித்து, பரீட்சை எழுதி, கிளம்பியபோது தெருவே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தது. ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் ஒரு ஊரில் எட்டு வருஷமாக இருக்கிறாள். ஊர்ப் பெயரை எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் யாராவது படித்துவிடுவார்களாம், தமிழில்.

அவள் வீட்டுக்காரர் பிரபுவுக்கு ஒன்றரை வருஷமாகப் பக்கத்து நாடான நெதர்லாந்தில் வேலை. விடியற்காலை ஷிப்ட் என்பதால் அங்கேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டு சனி, ஞாயிறு மட்டும் வருவார். மகள் இனியாவுக்கு ஏழு வயசு. அப்பா வெள்ளிக்கிழமை ராத்திரி வருகிறவர் என்றே அதற்குப் பழகிவிட்டது. இப்போது அந்தப் பக்கம் சின்னத் தோட்டத்தோடு ஒரு வீடு கிடைத்திருக்கிறது. ஸ்டெல்லா குழந்தையோடு அங்கே போய்விட்டு, வேலைக்கு மட்டும் ஜெர்மனிக்கு வந்து போவாள். மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். பெட்டி கட்டுவது அதற்காகத்தான்.

முதல் நாள் காலையில் ரொட்டி வைத்தாள். எங்கள் ஊர் ரொட்டி தொட்டால் அமுங்கும். இதை மேசையில் வைத்தால் சத்தம் வருகிறது. நான் கையோடு மிளகும் சுக்கும் போட்ட எங்கள் ஊர் இட்லி கொண்டுபோயிருந்தேன். இரண்டு மூன்று நாள் கெடாது. இனியா அதை வட்டவட்டமாக நறுக்கி, மேலே ஸ்ட்ராபெர்ரி ஜாம் தடவித் தின்றது. பார்க்கப் பொறுக்காமல் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அங்கே பாத்திரம் கட்டும்போதுதான் கேட்டேன்.

"இன்னாடி, பேரு நீக்கியாச்சா?"

"இன்னா பேருக்கா?"

"இந்த ஊர்ல எங்கனா உன் பேரு பதிஞ்சி வச்சிருப்பாங்க இல்ல? வீடு மாறும்போது அத்த நீக்கணும்ல?"

"முனிசிபாலிட்டில பதிஞ்சி இருக்குது. நாட்ட வுட்டு போனா நீக்கணுமாம். அதுக்கு ஒரு ஃபார்ம் இருக்குது. அத்த மெதுவா பண்ணிக்கலாம்க்கா."

மெதுவாகவா? எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் கல்யாணமாகி வாலாஜாபாத் போனபோது, அப்பா வீட்டு ரேஷன் கார்டில் என் பெயரை நீக்காமல் போய்விட்டேன். நீக்கின சான்று கொண்டுவா, அப்புறம்தான் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஏழு மாசம் நடந்தேன். மாமியார் ஒவ்வொரு மாசமும் சர்க்கரை அளக்கும்போது என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அந்தச் சூட்டில்தான் நான் மனு எழுதவே கற்றுக்கொண்டேன். முதலில் நீக்கல், அப்புறம் சேர்த்தல். இதை எத்தனை புதுப்பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

"மெதுவா பண்றதாம். ஃபார்ம எடு," என்றேன்.

"அக்கா, எங்கிட்ட பர்மனென்ட் கார்டு இருக்குது. ஐரோப்பா பூரா போலாம், வரலாம். நீ ஏன் டென்ஷன் ஆவுற?"

அட்டையைக் காட்டினாள். நம் ஆதார் அட்டை அளவு. போட்டோவில் பேயறைந்த மாதிரி இருந்தாள். ஏதோ நீளமான ஒரு ஜெர்மன் சொல்லைக் காட்டி, அதற்கு அர்த்தம் நிரந்தரம் என்றாள். நிரந்தரம் என்றால் நிரந்தரம்தானே, நானும் சந்தேகப்படவில்லை.

ஃபார்மை அவள் சொல்லச் சொல்ல, என் அழகான பெரிய எழுத்தில் நிரப்பினேன். பழைய முகவரி, புது முகவரி, பிறந்த ஊர் காஞ்சிபுரம். தேதிக்கு இரண்டு கட்டம் இருந்தது. வீட்டை விடும் தேதி ஒன்று, கையெழுத்துத் தேதி ஒன்று. இரண்டையும் காலியாக விட்டேன். எங்கள் தொழிலில் தேதியைக் கடைசியில்தான் போடுவோம். அதிகாரி என்றைக்குச் சீட்டில் இருக்கிறாரோ அன்றைய தேதிதான் மனுவின் தேதி. முன்கூட்டியே போட்டுவிட்டு அவர் லீவு என்றால் அடித்துத் திருத்த வேண்டும். அடித்தல் திருத்தல் உள்ள மனுவை எவரும் தொடமாட்டார்கள். ஸ்டெல்லா டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ஸ்டெல்லாவிடம் சொல்லாமல் நானே கொண்டுபோனேன். வாசலில் நின்ற காவலாளி, முன்பதிவு இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். சுவரில் பதித்திருந்த ஒரு இரும்புப் பெட்டியைக் காட்டினார். மனுவைப் பெட்டியில் போடுவதா? சீல் வைத்த நகல் இல்லாமல் நான் எந்தத் தாளையும் கை விட்டதில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பின்னால் ஒரு அம்மாள் செருமினாள். போட்டுவிட்டேன். பாதி வழியில்தான் தேதி ஞாபகம் வந்தது. சரி, சீட்டில் இருக்கிறவர் போட்டுக்கொள்வார் என்று பஸ் ஏறினேன்.

ஏறினது எதிர்ப்பக்கம் போகும் பஸ். குளிருக்கு இதமாக இருந்ததால் கண் அசந்துவிட்டது. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் எழுப்பினார். இறங்கினால் கடைப் பலகையெல்லாம் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கின்றன. கைப்பையில் போன் டிங் என்றது. நெதர்லாந்து உங்களை வரவேற்கிறது என்று ஒரு செய்தி.

பாஸ்போர்ட் வீட்டில் பீரோவில் இருக்கிறது. எங்கள் ஊரில் திருப்பதி பஸ் ஏறினால்கூட, தமிழ் போய்த் தெலுங்கு வரும் இடத்தில் ஒரு செக்போஸ்ட், நாலு லாரி, ஒரு டீக்கடை என்று ஏதாவது இருக்கும். இங்கே நாடே மாறிவிட்டது, ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. நிறுத்தத்தில் நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்த வயதான பெண்மணியிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லை எங்கே என்று கேட்டேன்.

"நீங்கள் தூங்கும்போது கடந்துவிட்டது. நான் தினமும் ரொட்டி வாங்க அந்தப் பக்கம் போவேன். சோப்புத்தூள் வாங்க அங்கிருந்து இங்கே வருவார்கள். பயப்படாதீர்கள், நாய்க்குக்கூட இது தெரியாது," என்றார்.

அப்படியா சேதி என்று தைரியம் வந்து, எதிர்க் கடையில் பொரித்த உருளைக்கிழங்கு வாங்கினேன். அதன் தலையில் வெள்ளையாக எதையோ கொட்டிக் கொடுத்தான். காரம் கிடையாது, புளிப்பு கிடையாது, ஆனாலும் முழுதும் தின்றேன். இரண்டு கிலோ வெங்காயமும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஜெர்மனிக்குத் திரும்பினேன். நாடு விட்டு நாடு போய் வெங்காயம் வாங்கி வந்ததை இனியாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அம்மா தினமும் அங்கதான் வாங்குவாங்க, பெரிம்மா," என்றது.

ஆக, கதவில்லை, காவலில்லை, காசும் ஒரே காசு. அப்புறம் அட்டை எதற்கு? இந்தக் கேள்வியோடுதான் வியாழக்கிழமை நெதர்லாந்து நகராட்சி ஆபீசுக்குப் போனோம். நான், ஸ்டெல்லா, லீவு போட்டு வந்த பிரபு. புது முகவரியில் பெயர் சேர்க்க வேண்டும்.

கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தான். எங்கள் தாலுகா ஆபீசில் தண்ணீர் கொடுத்தால் காரியம் நடக்காது என்று அர்த்தம். இங்கே எப்படியோ தெரியவில்லை. அவன் ஸ்டெல்லாவின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் நிதானமான இங்கிலீஷில் பேசினான். ஸ்டெல்லா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இது நிரந்தர அட்டைதான். ஆனால் ஜெர்மனிக்குள் மட்டும் நிரந்தரம். இதை வைத்து நீங்கள் இங்கே வந்து போகலாம். நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள். வசிக்க முடியாது."

"வந்து தூங்கலாமா, கேளு," என்றேன்.

தூங்கலாமாம்.

"சோறாக்கித் தின்னலாமா?"

அதுவும் செய்யலாமாம்.

"அப்ப வசிக்கிறதுன்னா இன்னாதான்பா?"

அவன் யோசித்தான். கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே யோசித்தான். "தொண்ணூற்றோராவது நாள்," என்றான்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவன் ஒரு தாள் எடுத்துப் படம் போட்டான். ஜெர்மனி இரண்டு விதமான நிரந்தர அட்டை கொடுக்கிறதாம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று அந்த நாட்டுக்கு மட்டும். இன்னொன்றில் ஐரோப்பிய ஒன்றியம் என்று சேர்த்து எழுதியிருக்கும். அந்த இரண்டாவது அட்டைக்காரர் வேறு நாட்டுக்குப் போய் மூன்று மாசத்துக்குள் மனுப் போட்டு வசிக்க வழி உண்டு. பழைய நாட்டு உரிமையும் உடனே போய்விடாது. ஸ்டெல்லாவிடம் இருப்பது முதல் வகை. பிரபுவின் மனைவி என்ற முறையில் இங்கே புதிதாக அனுமதி கேட்கலாம், ஆனால் குடியே இந்தப் பக்கம் வந்துவிட்டால் ஜெர்மனி அட்டை செல்லாது, அதோடு அங்கே வேலையும் போய்விடும்.

"ரெண்டும் நிரந்தரம்னா, எதுதான்டி ரொம்ப நிரந்தரம்?" என்று கேட்டேன். ஸ்டெல்லா அதை மொழிபெயர்க்கவில்லை.

அந்தப் பிள்ளை கடைசியாக ஒன்று சொன்னான். அதையும் அவள் எனக்குச் சொல்லவில்லை. அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து நான்தான் பிரபுவை இடித்தேன்.

"அங்க ஜெர்மனில பேர மட்டும் இப்ப நீக்கிடாதீங்கன்றார்க்கா," என்றார் பிரபு. "நீக்கினா, ஒரேயடியா போயிட்டாங்கன்னு எடுத்துப்பாங்களாம். கார்டு செல்லாம போயிடலாமாம்."

"அக்கா," என்றாள் ஸ்டெல்லா. "அந்த பேப்பர போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

திரும்பி வரும் ரயிலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு வருஷம். பரீட்சை, குளிர், யார் யாருக்கோ மலம் அள்ளி, மூத்திரம் அள்ளிச் சம்பாதித்த அட்டை. அதை நான் ஒரு இரும்புப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு உருளைக்கிழங்கு தின்றிருக்கிறேன். ஸ்டெல்லா திட்டினால் தேவலை என்று இருந்தது. வீட்டு வாசலில் சாவியைத் திருப்பும்போது திட்டினாள்.

"எல்லாம் தெரியும்னு ஏன்க்கா இப்டி பண்ற? இது இன்னா உன் தாலுகா ஆபீஸா? நான் மெதுவா பண்ணிக்கலாம்னு சொல்லிக்கினு இருந்தேனா இல்லியா? கார்டு போச்சின்னா வேலை போச்சி. இனியாவ கூட்டிக்கினு நான் எங்க போய் நிப்பேன்?"

"வுடுமா. அக்கா நல்லதுக்குத்தான் செஞ்சாங்க," என்றார் பிரபு. அதுதான் இன்னும் வலித்தது. கட்டி வைத்த பெட்டிகளின் நடுவே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். அவளும் கதவுக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றோம். ஸ்டெல்லா காவலாளியிடம் என்ன சொன்னாளோ, முன்பதிவு இல்லாமலேயே உள்ளே விட்டார். மேசையில் கள்ளிச்செடி வைத்திருந்த ஒரு அம்மாள். நரைத்த கிராப்பு, கழுத்தில் கயிறு கட்டின கண்ணாடி. ஸ்டெல்லா ஜெர்மனில் பேசப் பேச நான் அந்த அம்மாளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்த் தாள்கள் அடுக்கிய ஒரு தட்டை எடுத்துவந்தாள். தாள்களைப் புரட்டினாள். நடுவில் என் கையெழுத்து எட்டிப் பார்த்தது. அதன்மேல் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீளமாகப் பேசினாள். குரலில் கோபம் இருந்தது. ஸ்டெல்லா கேட்டுக்கொண்டே இருந்தவள், திடீரென்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி சொல்றாங்க?"

"திட்றாங்கக்கா. இத்த எழுதினது யாருன்னு கேக்குறாங்க. எழுத்து அழகா இருக்குதாம். ஆனா தேதி எங்கன்னு கேக்குறாங்க. ரெண்டு கட்டமும் காலி. தேதி இல்லாத ஃபார்ம கம்ப்யூட்டர்ல ஏத்தவே முடியாதாம். திருப்பி அனுப்பறதுக்காக தனியா எடுத்து வச்சிருக்காங்க."

"அப்ப பேரு?"

"நீக்கலக்கா. அப்டியே இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து மூக்கில் வந்தது. அந்த அம்மாள் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, படிவத்தை முழுதாக நிரப்புவது எவ்வளவு முக்கியம் என்று தொடர்ந்து சொன்னாள். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு அதிகாரி என் மனுவைக் குறை சொல்ல நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வாபஸ் வாங்க ஒரு மனு எழுதித் தரட்டுமா என்று ஸ்டெல்லா மூலம் கேட்டேன். தேதி இல்லாததால் இது விண்ணப்பமே ஆகவில்லை, ஆகாத விண்ணப்பத்தை வாபஸ் வாங்கப் படிவம் கிடையாது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள்.

எடுத்துக்கொண்டோம். அந்த இரண்டாவது அட்டைக்கு வேறு ஆபீஸ், வேறு முன்பதிவு, பல மாசம் ஆகும். எட்டு வருஷ வேலை, பாஷை, காப்பீடு எல்லாம் இருப்பதால் ஸ்டெல்லாவுக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு என்றாள் அந்த அம்மாள். முதலிலேயே ஏன் அதைக் கொடுக்கவில்லை என்று கேட்கச் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லையே என்று பதில் வந்தது. கூட வேலை செய்த பெண் எதற்கு மனுப் போட்டாளோ அதற்கே ஸ்டெல்லாவும் போட்டிருக்கிறாள். இது மட்டும் எனக்கு உடனே புரிந்தது. எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கட்டின பெட்டிகளில் பாதியைப் பிரித்துப் பாத்திரத்தை மறுபடி அடுக்கினோம். சாயந்திரம் பிரபு எங்களை ஒரு குன்றுக்குக் கூட்டிப்போனார். ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கும் இடம். எங்கள் பக்கத்தில் மூன்று ஆறு கூடும் திருமுக்கூடலில், எந்தத் தண்ணீர் எந்த ஆற்றுத் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். இனியா அதைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஒரு நிமிஷத்தில் மூன்று நாட்டுக்கும் ஆறு தடவை போய் வந்தது. அப்புறம் பிரபு அந்தப் பக்கம் பஸ் ஏறினார், நாங்கள் இந்தப் பக்கம் ஏறினோம். குழந்தை கையாட்டியது. அழவில்லை, பழக்கம்தான். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஊருக்கு வந்து மேசையைப் போட்டேன். அந்தச் சட்டம் எனக்கு இன்றைக்கும் முழுசாக விளங்கவில்லை. ஒன்று மட்டும் மாறிவிட்டது. கல்யாணமான பெண் யாராவது பெயர் நீக்க வந்தால், "அங்க சேர்ப்பாங்களான்னு மொதல்ல கேட்டுக்கினு வாம்மா," என்று திருப்பி அனுப்புகிறேன். ஜெராக்ஸ் கடைக்காரர், அக்காவுக்கு வெளிநாடு போய்வந்து தொழில் மறந்துபோச்சு என்கிறார்.

பல மாசம் கழித்து ஒரு மத்தியானம், கூட்டம் நெரியும் நேரத்தில் ஸ்டெல்லா வீடியோவில் கூப்பிட்டாள். போனுக்கு நேராக ஒரு அட்டையைப் பிடித்தாள். அதே போட்டோ, அதே பேயறைந்த முகம். ஆனால் அந்த நீளமான சொல் இருந்த இடத்தில் வேறொரு நீளமான சொல், அதன் வாலில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான இரண்டு எழுத்து. நெதர்லாந்தில் மனுப் போட்டு அங்கேயும் சரி என்று சொல்லிவிட்டார்களாம். அந்தத் தோட்ட வீட்டை இத்தனை மாசமும் பிரபு வாடகை கொடுத்துப் பிடித்து வைத்திருந்தார். பின்னால் பெட்டிகள் மறுபடி கட்டிக் கிடந்தன. "பெரிம்மா, அப்பா இனிமே செவ்வாக்கிழமையும் இருப்பாரு," என்று இனியா குறுக்கே வந்து சொல்லிவிட்டு ஓடியது.

ஸ்டெல்லா மேசைமேல் ஒரு தாளை விரித்தாள். ஓரம் மடங்கியிருந்தது. என் பெரிய எழுத்து.

"நீ எழுதின அதே பேப்பர்தான்க்கா, பத்திரமா வச்சிருந்தேன். தேதி மட்டும்தான் பாக்கி. போடட்டுமா?"

"போடுமா," என்றேன். "அடிச்சித் திருத்தாம போடு."